பள்ளிக்கரணையில் பறவை பார்ப்பதும் எண்ணுவதும்: முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கரணைக்குப் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்கள் தண்ணீரைக் கவனிக்காமல் பறவையைத் தேடியவர்கள். இந்தச் சதுப்பில் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம். அது மாதத்துக்கு மாதம், சில சமயம் வாரத்துக்கு வாரம் மாறும். போன ஜனவரியில் பூநாரை நின்ற இடத்தில் இந்த ஜனவரியில் கூழைக்கடா நீந்தும். ஆகவே முதலில் தண்ணீர், பிறகு வெயிலின் திசை, அதற்குப் பிறகே பறவை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

இடத்தின் அமைப்பு

தென்சென்னையின் விளிம்பில், வேளச்சேரிக்கும் மேடவாக்கத்துக்கும் கிழக்கே, பழைய மகாபலிபுரம் சாலைக்கு மேற்கே கிடக்கும் நன்னீர்ச் சதுப்பு இது. ஒரு காலத்தில் இருந்த பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் கரிக்கிலி, பிச்சாவரம் ஆகியவற்றோடு சேர்ந்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் உள்ள பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர்.

நாராயணபுரம், கீழ்க்கட்டளை போன்ற சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்கிறது. வெளியேறும் வழி ஒக்கியம் மடுவு. அதன் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. உள்ளே வர வழிகள் பல, வெளியே போக வழி ஒன்று. அதனால்தான் பெருமழைக்குப் பிறகு இங்கே நீர் சட்டென்று ஏறி, மெதுவாக இறங்குகிறது. பறவை பார்ப்பவருக்கு இதன் பொருள்: மழை நின்ற மறுநாளே ஓடிப் போய்ப் பயனில்லை. எங்கும் ஆழமாக இருக்கும், நடந்து மேய்கிற பறவைகளுக்குக் கால் ஊன்ற இடம் இராது.

பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. மேற்கு ஓரமாக வேளச்சேரி–தாம்பரம் சாலை. வடக்கில் பெருங்குடி குப்பைமேடு. தெற்கே பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பகுதிகளின் ஈரநிலம். இந்த நான்கையும் மனதில் பதித்துக்கொண்டால் வரைபடம் இல்லாமலே நடமாடலாம்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது, தண்ணீரை மதிப்பிடுவது

வலசைப் பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். வாத்துகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சதுப்பை நிரப்பும். ஜனவரிக்குப் பிறகு நீர் வடிய வடிய ஓரங்களில் சேறு வெளிப்படும்; உள்ளான்களும் பூநாரைகளும் இறங்குவது அப்போதுதான். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஜனவரிக் கடைசியையோ பிப்ரவரியையோ தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வலசைப் பறவைகள் குறைவு. ஆனால் நீளவால் இலைக்கோழியை முழு வாலோடு பார்க்க வேண்டுமென்றால் அதுதான் பருவம்.

போய் நின்றதும் பைனாகுலரைத் தூக்கும் முன், ஐந்து நிமிடம் வெறும் கண்ணால் நீர்ப்பரப்பைப் பாருங்கள். ஆழத்தைப் பறவைகளே சொல்லும்:

- கொசு உள்ளான் ஓடி ஓடி மேய்கிற இடத்தில் இரண்டு விரற்கடைக்கு மேல் நீர் இராது.
- நெடுங்கால் உள்ளான் வயிறு நனையாமல் நின்றால் ஒரு சாணுக்கும் குறைவு.
- வாத்துகள் தலையை அமிழ்த்தி வாலை மேலே தூக்கி மேய்ந்தால் முழ ஆழத்துக்கு உட்பட்டது.
- பூநாரை நடந்து மேய்ந்தால் அநேகமாக முழத்தை ஒட்டியது, அதற்கும் கீழே.
- நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கி மூழ்கி எழுந்தால் அதைவிட ஆழம்.

எந்த ஆழம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எதை எங்கே தேடுவது என்ற கேள்வி பாதி தீர்ந்தது. ஆகாயத்தாமரை மூடிய பகுதியை ஒன்றுமில்லாத இடம் என்று ஒதுக்க வேண்டாம். நீலத் தாழைக்கோழி, தாழைக்கோழி, செந்நாரை மூன்றும் அதன் விளிம்பில்தான் அதிகம் நிற்கும்.

படி 2: எங்கே நிற்பது, எப்போது நிற்பது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று சதுப்பைப் பார்த்தால் நேர் கிழக்கே பார்க்கிறீர்கள். சூரியன் முகத்தில் அடிக்கும், பறவைகள் எல்லாம் கறுத்த நிழலாகத் தெரியும். அந்தச் சாலை மாலைக்கு உரியது: நான்கு மணிக்கு மேல் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், நிறங்கள் துலங்கும்.

காலைக்கு 200 அடி சாலை. அங்கே இருபுறமும் சதுப்பு. குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் விழுவதால் தெற்குப் பக்கம் நாள் முழுவதும் கண் கூசும். வடக்குப் பக்கம் பாருங்கள். தெற்குப் பக்கத்தை எண்ணியே ஆக வேண்டுமென்றால் மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நேரம்: காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4 முதல் இருட்டும் வரை. ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பி, டெலஸ்கோப்பில் எல்லாம் நெளியும். உங்கள் கருவியில் கோளாறு என்று நினைத்துத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். அது காற்றின் வேலை. தூரத்துப் பறவைகளை முதல் ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிட்டு, அருகில் உள்ளவற்றைப் பிறகு பாருங்கள்.

வர வழி: பறக்கும் ரயிலில் வேளச்சேரியில் இறங்கி, தாம்பரம் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால் சதுப்பின் மேற்கு ஓரம் வரும். வனத்துறையின் சூழல் பூங்காவில் நடைபாதையும் பார்வை இடங்களும் உண்டு. குழந்தைகள், முதியவர்களோடு வருகிறவர்களுக்கு அதுவே வசதி. திறக்கும் நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாக்கம் பகுதிக்கு மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலை வழியாகப் போக வேண்டும். மெட்ரோ வேலை நடக்கும் தடம் அது. தடுப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, நிற்க இடம் இருந்தால் மட்டும் நில்லுங்கள்.

படி 3: கருவிகள்

8×42 பைனாகுலர் (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும், 10×42 என்றால் கை நடுக்கம் கூடும். நீர்ப்பரப்பு அகலமானது என்பதால் டெலஸ்கோப் இருந்தால் பெரிய உதவி; 20 முதல் 60 மடங்கு வரை நகரும் வில்லை, ஆடாத முக்காலி. தேடும்போது 20 மடங்கிலேயே வைத்திருங்கள், அடையாளம் காண மட்டும் கூட்டுங்கள். குறிப்பேடு, பென்சில், ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்காலை மூடும் காலணி. வெள்ளைச் சட்டை வேண்டாம்.

பைனாகுலரை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்வதைப் பலரும் செய்வதில்லை. வலது வில்லையை மூடி, இடது கண்ணால் தூரத்து எழுத்துப் பலகை ஒன்றை நடுத்திருகால் துல்லியமாக்குங்கள். பிறகு இடது வில்லையை மூடி, நடுத்திருகைத் தொடாமல், வலது வில்லைக்கு அருகில் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வையுங்கள். இனி நடுத்திருகு ஒன்றே போதும். அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது என்றால் இந்த வளையம் நகர்ந்திருக்கும்.

படி 4: குழப்பும் பறவைகள்

வெள்ளைக் கொக்குகளில்தான் முதல் தடுமாற்றம். சின்னக்கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல்கள். காலைச் சேற்றிலிருந்து தூக்கும்போது அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். உண்ணிக்கொக்கு குட்டையான மஞ்சள் அலகோடு மாடுகளுக்கு அருகிலும் குப்பைமேட்டுப் பக்கமும் திரியும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க உயரத்தை நம்ப வேண்டாம், தனியாக நிற்கும் கொக்கு எப்போதும் பெரிதாகவே தெரியும். அலகின் அடியிலிருந்து பின்னால் போகும் வாய்க்கோட்டைப் பாருங்கள்: கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் அலகு கறுப்பாகிவிடும். அலகின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்கிறவர்கள் அங்கே ஏமாறுவார்கள்.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும்: இரண்டும் இறக்கை விரித்து உலர்த்தும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும். பாம்புத்தாராவின் அலகு நேரான கூர்முனை. நீந்தும்போது உடல் முழுக்க நீருக்குள் போய் கழுத்து மட்டும் வெளியே நிற்கும்.

வாத்துகள். நவம்பரில் வந்து சேரும் ஆண் வாத்துகளில் பல இன்னும் மணக்கோலம் பூணாதவை, பெண்ணைப் போலவே பழுப்பாக இருக்கும். நிறத்தைத் தேடாமல் அலகையும் உடலையும் பாருங்கள். கரண்டிபோல் அகன்ற அலகு என்றால் தட்டைவாயன். நீண்டு மெலிந்த கழுத்தும் கூரிய வாலும் ஊசிவால் வாத்துக்கு. முகத்தில் கோடுகள் உள்ள சின்ன வாத்து நீலச்சிறகி. கறுப்பு அலகின் நுனியில் மஞ்சள் இருந்தால் புள்ளிமூக்கு வாத்து, இது இங்கேயே வாழ்வது. ஜனவரி, பிப்ரவரியில் ஆண்கள் நிறம் பெற்றுவிடும், வேலை எளிதாகும்.

நீளவால் இலைக்கோழிக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிசம்பரில் இதன் நீண்ட வால் உதிர்ந்துபோய் இருக்கும், முதுகு மங்கிய பழுப்பு. வாலைத் தேடினால் ஐம்பது பறவை முன்னால் நடந்தாலும் தெரியாது. விரல்களைத் தேடுங்கள். உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட விரல்கள். பறவையின் எடை அவற்றில் பரவுவதால் அல்லி இலை இலேசாகத்தான் அமிழும், அடுத்த இலைக்குக் கால் மாறியதும் பழைய இலை மேலே வந்துவிடும். கழுத்தோரத்தில் கறுப்புக் கோடு, பறக்கும்போது வெள்ளை இறக்கை. கோடையின் பிற்பகுதியில் மணக்கோலம் வந்த பிறகு ஆண் பறவைதான் முட்டைகளை அடைகாக்கும், குஞ்சுகளையும் அதுவே நடத்திச் செல்லும். மிதக்கும் இலைகளுக்கு நடுவே அசையாமல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதிக நேரம் அங்கேயே டெலஸ்கோப்பை நிறுத்தி ஆள் சேர்க்காதீர்கள்.

பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை வேறு இனம் அல்ல, இளம் பறவைகள். அவற்றையும் தனியாக எண்ணி எழுதுங்கள்.

படி 5: எண்ணுவது

பார்ப்பதைவிட எண்ணுவதுதான் இந்தச் சதுப்புக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம். "ஏராளம்" என்ற சொல்லை வைத்து ஒரு நிலத்தைக் காப்பாற்ற முடியாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மாதந்தோறும் எடுத்த எண்கள் இருந்தால் பேசலாம்.

முதலில் பரப்பைப் பிரியுங்கள். மின்கோபுரம், தனிமரம், கட்டடத்தின் மூலை என்று நகராத அடையாளங்களை வைத்து நான்கைந்து துண்டுகளாக்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக முடியுங்கள். திரும்பிப் போய் விட்டதைச் சேர்க்க நினைத்தால் இரட்டை எண்ணிக்கை நிச்சயம்.

ஐம்பதுக்குக் குறைவான கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்கு மேல் கட்டம் கட்டி எண்ண வேண்டும். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளைத் துல்லியமாக எண்ணுங்கள். அந்தப் பத்து பைனாகுலரில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். அதே அளவு ஐந்து சேர்ந்தால் ஐம்பது. இப்போது ஐம்பது ஐம்பதாகக் கூட்டத்தின் மேல் நகர்ந்து செல்லுங்கள். நடுவில் நெருக்கம் கூடும், ஓரத்தில் குறையும். ஓரத்து அளவையே நடுவுக்கும் வைத்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். எனவே நடுப்பகுதியில் ஒரு முறை பத்தை எண்ணி அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஏறக்குறைய எப்போதும் குறைவாகவே மதிப்பிடுவார்கள், கூட்டம் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகும். படம் எடுத்து வீட்டில் புள்ளி வைத்து எண்ணி, களத்து எண்ணோடு ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

பல இனம் கலந்த கூட்டத்துக்கு இரண்டு கட்டம். முதலில் இனம் பாராமல் மொத்தம். பிறகு கூட்டத்தின் மூன்று வேறு இடங்களில் நூறு நூறு பறவைகளை எடுத்து இனவாரியாகப் பிரியுங்கள். உதாரணமாக மொத்தம் 600 வாத்து. மூன்று மாதிரிகளில் ஊசிவால் 50, 60, 55 என்று வந்தால் சராசரி 55, அதாவது சுமார் 330 ஊசிவால். ஒரே மாதிரியோடு நிறுத்தக் கூடாது, வாத்துகள் இனம் இனமாக ஒட்டி நிற்கும்.

முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கிக்கொண்டே இருப்பவை. ஒரே துண்டை இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை எண்ணி, மூன்றில் அதிகமானதை எழுதுங்கள், கூட்டிவிடாதீர்கள். கோரைக்குள் இருக்கும் தாழைக்கோழிகளில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள், "உள்ளே இன்னும் பத்து இருக்கும்" என்ற ஊகம் வேண்டாம்.

சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும். எண்ணியது பாதியில் நிற்கும். அந்தத் துண்டை அடித்துவிட்டு, பறவைகள் இறங்கிய பின் மீண்டும் தொடங்குங்கள். எழும்பிய நேரமும் பறந்த திசையும் குறித்துவையுங்கள். 200 அடி சாலையிலிருந்து எழும்பிய கூட்டம் வேளச்சேரி சாலைப் பக்கம் இறங்கியிருந்தால், அடுத்த இடத்தில் அதை இரண்டாம் முறை எண்ணாமல் இருக்க அந்தக் குறிப்புதான் உதவும்.

மூன்று பேர் சேர்ந்தால் நல்லது: இருவர் தனித்தனியாக எண்ண, ஒருவர் எழுத. இருவரின் எண்களும் கால் பங்குக்கு மேல் வித்தியாசப்பட்டால் திரும்ப எண்ணுங்கள். ஒருவர் எண்ணை மற்றவர் கேட்காமல் எண்ண வேண்டும், கேட்டுவிட்டால் மனம் அந்தப் பக்கமே சாயும்.

படி 6: பதிவு

பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் (eBird) செயலியில் பதியுங்கள். நின்ற இடத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பட்டியல். வரைபடத்தில் புதிய புள்ளி வைக்காமல், ஏற்கெனவே உள்ள பொது இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பதிவு மற்றவர்கள் பதிவோடு சேராமல் தனியே கிடக்கும். குறைந்தது 15 நிமிடம். நகராமல் ஒரே இடத்தில் நின்றிருந்தால் 'நிலையான' பட்டியல், நடந்திருந்தால் தூரத்தோடு 'பயண' பட்டியல். காகம், மைனா உட்பட அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல். அபூர்வமானவற்றை மட்டும் எழுதுவது ஆய்வுக்கு உதவாது. எண்ணுக்குப் பதில், 'இருந்தது, எண்ணவில்லை' என்று பொருள்படும் பெருக்கல் குறி போடுவதைத் தவிருங்கள். தோராயமான 400 அதைவிடப் பயனுள்ளது. இனம் உறுதியில்லை என்றால் 'வாத்து இனம்', 'உள்ளான் இனம்' என்று பதிய வழி இருக்கிறது.

குறிப்புப் பகுதியில் மூன்று வரி கட்டாயம்: நீர் எந்தப் பக்கம் ஆழம், எங்கே சேறு வெளிப்பட்டிருக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது. புதிதாக மண் கொட்டியிருந்தால் இடம், தேதி, படம். பத்து வருடம் கழித்து ஒருவர் இந்தப் பட்டியலைத் திறக்கும்போது பறவை ஏன் குறைந்தது என்பதற்கு விடை அந்த வரிகளில்தான் கிடைக்கும்.

தொடங்க நல்ல தருணம் தேடுகிறவர்களுக்கு இரண்டு: 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, 1987 முதல் ஜனவரியில் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு.

செய்யக் கூடாதவை

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி இறங்குவது குற்றம், ஆபத்தும் கூட: மேலே காய்ந்த மண்போல் தெரியும் இடத்தில் முழங்காலுக்கு மேல் புதையும். கரையோரப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. பார்த்துக் கால் வையுங்கள், புதருக்குள் கை விடாதீர்கள். 200 அடி சாலையில் லாரிகள் வேகமாக வரும். வண்டியைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு வாகனத் தடத்தில் முக்காலியை விரிப்பது உயிருக்கு உலை. குழந்தைகளைத் தடுப்புச்சுவர்ப் பக்கம் நிறுத்தி, நீங்கள் சாலைப் பக்கம் நில்லுங்கள். குப்பைமேட்டிலிருந்து காற்று உங்கள் பக்கம் வீசும் நாளில் முகக்கவசம் தேவைப்படும், ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று பெரும்பாக்கம் பக்கம் போவது நல்லது.

படத்துக்காகக் கல் எறிந்து பறவையை எழுப்புகிறவரைக் கண்டால் பேசாமல் கடந்து போகாதீர்கள், பக்குவமாகச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் எழும்பலும் தின்ற இரையின் இழப்பு. ட்ரோன், ஒலிபெருக்கியில் பறவைக் குரல், பொரி, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

காலில் வளையமோ நிறக்கொடியோ உள்ள பறவையைக் கண்டால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, நிறம், எழுத்துகள் ஆகியவற்றை எழுதி, முடிந்தால் படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பறவைகள் ஒரே இடத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் இறந்து கிடந்தால் தொடாதீர்கள். நாய்கள் இழுத்துப் போகும் முன் இனம், எண்ணிக்கை, இடம் மூன்றையும் படமெடுத்து அன்றே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். மறுநாள் வரை காத்திருந்தால் பரிசோதனைக்கு எடுக்கும் நிலையில் உடல்கள் இராது.